திம்பம் மலையும் இருபத்தேழு வளைவும் ஒரு ஜமக்காளமும்

புது வண்டி வாங்குவது என்றால் எங்கள் தெருவில் எல்லோரும் முதலில் ஷோரூமுக்குப் போவார்கள். நான் மலைக்குப் போனேன். அதற்குக் காரணம் என் மனைவி கலாமணி.

கலாமணி செவிலியர். இருபது வருடம் கோயமுத்தூரைச் சுற்றியே வேலை பார்த்தவள், போன வருடம் தானாகக் கேட்டு ஒரு மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். சத்தியமங்கலத்துக்கு மேலே, ஆசனூரையும் தாண்டி, கர்நாடக எல்லைக்குக் கிட்டே போக வேண்டும். திங்கட்கிழமை விடியலில் கிளம்பினால் சனிக்கிழமை மதியம்தான் திரும்புவாள். இடையில் இருப்பது திம்பம் மலைப்பாதை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் யானைகள், கரும்பு லாரிகள். சாயங்காலம் ஆனால் பாதையையே மூடிவிடுவார்கள். மேலே ஏறி முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது வரும்வரை எனக்கு வேலையில் கை ஓடாது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அந்தக் கால் வரவில்லை. எங்கள் பழைய கார் பதினொன்றாவது வளைவில் கிளட்ச் கருகி நின்றுவிட்டது. செல்போனுக்கு சிக்னல் இல்லை. ஒரு கரும்பு லாரிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு போய் மேலே விட்டபோது மணி பதினொன்றரை. அதற்குள் நான் கணபதியில் இருக்கும் என் மோட்டார் வைண்டிங் பட்டறையில் ஒரு மோட்டாருக்கு இணைப்பைத் தலைகீழாகக் கொடுக்க, அது எதிர்ப்பக்கம் சுற்றியது. முப்பது வருடத்தில் நான் செய்யாத தப்பு அது.

அன்றிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அப்போதும் நான் விடவில்லை. கீழே மாற்றல் கேட்டு எழுது என்று நச்சரித்தேன். அடுத்த திங்கட்கிழமைக்குள் மாறுதல் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும்.

"வண்டி கெட்டா வண்டிய மாத்துங்க மாமா. என்ற வேலைய எதுக்கு மாத்தச் சொல்றீங்க?" என்றாள் கலாமணி. ஊரில் பல பெண்களைப் போல அவளும் கட்டியவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். கோபத்திலும் 'ங்க' போகாது.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்கிற மாதிரி ஒரு வண்டி கிடைத்தால் அவள் மலையிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நம்பலாமா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான். ஏனென்றால் மோட்டார் விஷயத்தில் நம்ம வீட்டில் நான்தான் சுப்ரீம் கோர்ட்.

கலாமணியின் தம்பி சிவக்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். அப்போதுதான் ஒரு புது ஹைப்ரிட் எஸ்.யூ.வி. வாங்கியிருந்தான். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு, நடுவில் ஒரு பேட்டரி. சார்ஜ் போட வேண்டியதில்லை, ஓட ஓடத் தானே ஏறிக்கொள்ளும். எனக்கு அதில்தான் சந்தேகம். இன்ஜின் இருந்தால் இன்ஜின் கெடும். மோட்டார் இருந்தால் மோட்டார் கெடும். ரெண்டும் இருந்தால்? என் மகள் தாரணி யூடியூபில் பத்துப் பேர் பேசியதைக் காட்டினாள். பத்துப் பேரும் வண்டியைக் கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர்கள். திம்பம் ஏறினவர் ஒருவரும் இல்லை.

"மூணு நாளைக்கு எடுத்துட்டுப் போங்க மாமா. மலை ஏத்திப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றான் சிவக்குமார். கலாமணி லீவு போட்டாள். தாரணிக்குக் கல்லூரி விடுமுறை. கிளம்பினோம்.

*

முதல் நாள், புதன்கிழமை. மூன்று பேரும் பஸ்ஸில் திருப்பூர் போய் இறங்கினோம். சிவக்குமார் வீட்டில் அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டார்கள். கோயமுத்தூரிலும் அதே சாதம்தான், ஆனால் திருப்பூரில் பூண்டு கூடப் போடுகிறார்கள். மூன்றாவது தடவை வேண்டாம் என்று இலையை மறித்தும் வைத்துவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து வண்டிக்குப் போனால், சீட்டுகள் எல்லாம் வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. இது எங்கள் பக்கத்து வழக்கம். பொருள் புதிதாக இருக்கிறது என்பதற்கு உறைதான் சாட்சி. எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் ஆறு வருடமாகக் கவரோடுதான் இருக்கிறது, உள்ளே எந்த எண் எது என்றே தெரியாது.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். விளக்கு மட்டும் எரிந்து அணைந்தது. நான்காவது தடவை அமுக்கும்போது சிவக்குமார் ஓடி வந்தான்.

"மாமா, மொத அமுக்குலயே ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. நீங்க ஆஃப் பண்ணிப் பண்ணிப் போடறீங்க!"

சத்தமே இல்லாமல் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பதை என் காது ஒப்புக்கொள்ளவில்லை. அவினாசி வருவதற்குள் ஒப்புக்கொண்டது. நெரிசலில் இன்ஜின் தூங்குகிறது, மோட்டார் மட்டும் நகர்த்துகிறது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்ற, அது மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகிறது. மோட்டாரைத் திருப்பிச் சுற்றினால் கரண்ட் வரும் என்பது என் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதை நாலு சக்கரத்துக்கு நடுவே வைத்த ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியதுதான் தாமதம், தெருவே வந்துவிட்டது. எங்கள் தெருவில் லேத் வைத்திருப்பவர், பம்பு வார்ப்படம் ஊற்றுபவர், கியர் வெட்டுபவர் எல்லாம் உண்டு. மூடியிருக்கும் பானெட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எங்கள் ஊர்க்காரர்களால் முடியாது. திறந்தார்கள். லேத்துக்காரர் கேபிளின் கனத்தை விரலால் அளந்தார். வார்ப்படக்காரர் இன்ஜின் வார்ப்பைத் தடவிப் பார்த்து, "பினிஷிங் பரவாயில்லீங்க, நம்மாளு ஊத்துனது மாதிரியே இருக்குது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இப்படி ஒரு தெருவில் குடியிருப்பதில் எனக்குப் பெருமைதான். எந்த ஷோரூமிலும் இந்தப் பரிசோதனை கிடைக்காது.

எல்லோரும் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இரவல் வண்டியை வாங்கியபோது இருந்ததைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை. அதிலும் மச்சினன் வண்டி. பீரோவிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளத்தை எடுத்துப் பின் சீட்டில் விரித்தேன். பிளாஸ்டிக் உறைமேல் அது வழுக்கியது. அதனால் நாலு பக்கமும் இழுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிப்பைச் செருகுவது போல ஓரங்களை ஆழமாகச் செருகினேன். சீட்டுக்கு அடியில் கதவோரமாக துளைத் துளையாக ஒரு மூடி, ஸ்பீக்கர் ஜாலி மாதிரி, தெரிந்தது. அதற்குள்ளும் தூசி போகாமல் ஜமக்காளத்தின் நுனியைப் போட்டு இறுக்கி மூடினேன். ஒரு சுருக்கம் இல்லை. தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சூப்பருங்கப்பா" என்றாள் செல்போனைப் பார்த்துக்கொண்டே.

*

இரண்டாம் நாள், வியாழக்கிழமை. கலாமணிதான் ஓட்டினாள். அவள் தனியாக ஓட்டப்போகிற வண்டி, அவள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் பக்கத்தில், தாரணி பின்னால் ஜமக்காளத்தின் மேல்.

அன்னூர் தாண்டிப் புளியம்பட்டிக்குள் நுழைந்ததும் மாட்டிக்கொண்டோம். சந்தை நாள். ரோடு முழுக்க ஆடுகள். இன்ஜின் ஓய்ந்து வண்டி ஓசையில்லாமல் நகர்ந்தது. ஹார்ன் அடித்தால் ஆடு மிரளும் என்று கலாமணி அடிக்கவும் இல்லை. நாலு கெடாக்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போன ஒருவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி ஆஃப் ஆயிப்போச்சுங்களா? தள்ளோணுமுங்களா?"

"இல்லீங்க, ஓடிட்டுத்தானுங்க இருக்குது."

அவர் நம்பவில்லை. கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிஜமாகவே தள்ளினார். வண்டி முன்னே போனது. தன்னால்தான் போனது என்ற திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டு, "பாத்துப் போங்க அம்மணி" என்று வழியனுப்பினார். முன்பின் தெரியாதவர் வண்டியைத் தள்ளிவிட இப்படிக் கேட்காமலே கை கொடுக்கும் ஊர் எங்களுடையது. தாரணிக்குச் சிரிப்பு அடங்கவே பத்து நிமிடம் ஆனது.

சத்தியமங்கலத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தகை சாப்பிட்டோம். அப்போது பிழிந்த சூட்டில், தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, சோதனைச் சாவடியில் வண்டி எண் கொடுத்துவிட்டு, ஏற ஆரம்பித்தோம்.

என் சட்டைப்பையில் மாறுதல் விண்ணப்பம் இருந்தது. பெயர், பணி, விவரம் எல்லாம் நானே எழுதி வைத்திருந்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதை அவளிடம் சொல்லவில்லை.

வளைவுகள் வந்தன. பழைய கார் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற இடங்களில் எல்லாம் இது அலட்டாமல் ஏறியது. இன்ஜின் இழுக்க, மோட்டார் பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது என்பது உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது. கலாமணி ஸ்டியரிங்கை ஒடித்து, எதிரே வரும் பஸ்ஸுக்கு இடம் விட்டு, கணக்காக வளைவுக்கு வளைவு எடுத்தாள். பதினொன்றாவது வளைவு வந்தபோது நான் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"இங்கதானுங்க நின்னுச்சு" என்றாள், ஏதோ கடையைக் காட்டுவது போல.

பதினேழாவது வளைவில் எல்லாம் நின்றது. முன்னால் ஒரு கரும்பு லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசையாக நின்றன. நல்ல உச்சி வெயில். எல்லா வண்டியிலும் ஆட்கள் இறங்கி நிழல் தேட, நாங்கள் மட்டும் ஏ.சி.யில் இருந்தோம். இன்ஜின் எப்போதாவதுதான் எழுந்தது, மற்றபடி பேட்டரியிலேயே ஏ.சி. ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிவக்குமாருக்கே போன் போட்டிருப்பேன், சிக்னல் இல்லை.

முப்பது நிமிடம் போயிருக்கும். திரையில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. பேட்டரி சூடாகிவிட்டது, சக்தி குறைக்கப்படுகிறது, வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தவும் என்றது. நிற்கிற வண்டியை இதற்கு மேல் எப்படி நிறுத்துவது? ஏ.சி.யின் காற்று சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் லாரி ஓரமாக ஒதுங்கி வழி விட்டும் எங்கள் வண்டி முக்கி முனகி அடுத்த வளைவோர அகலம் வரைதான் போனது. கலாமணி ஓரம் கட்டி நிறுத்தினாள்.

மூன்று மாதத்துக்கு முன் இவள் இப்படித்தானே தனியாக நின்றிருப்பாள். வண்டியின்மேல் இருந்த பெருமை எல்லாம் ஆத்திரமாக மாறியது.

"முடிஞ்சது அம்மணி. பாத்துட்டேன். புதுசுலயே இப்பிடின்னா நாளைக்கு என்ன ஆகும்? இந்த வண்டியும் வேண்டாம், இந்த மலையும் வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

கலாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க மாமா, உங்க பட்டறைக்கு சூடாயிப்போன மோட்டார் வந்தா, உடனே அத எடைக்குப் போடச் சொல்லுவீங்களா?"

நான் திரையில் இருந்த எச்சரிக்கையையே முறைத்தேன்.

"எதனால சூடாச்சுன்னு பாக்க மாட்டீங்களா?"

"இதத் தொறந்து பாக்க முடியாதே. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்குது. நம்ம கைக்கு வராது."

"அப்ப சித்த பேசாம இருங்க" என்றாள். கோபம் என்று நினைத்தேன். இல்லை, அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு அவள் இப்படித்தான் கேட்பாள். தாரணியையும் மூச்சுக் காட்டாதே என்று கையால் சொன்னாள்.

"பின்னாடி ஒரு இரைச்சல் கேக்குதுங்க. காத்தாடி மாதிரி. மொதல்ல கேக்கல. இப்ப ரொம்ப திணறிக்கிட்டு ஓடுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடம் மோட்டார்கள் நடுவே இருந்து என் காது பாதி போயாகிவிட்டது. இறங்கிப் பின் கதவைத் திறந்து, தாரணியை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். நான் ஸ்பீக்கர் என்று நினைத்த இடத்தில் ஜமக்காளத்தின் நுனி உள்ளே உறிஞ்சப்பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். விடுபட்டதும் வண்டிக்குள்ளிருந்த காற்றைச் சர்ரென்று இழுத்தது அந்த ஜாலி. அது ஸ்பீக்கர் இல்லை. பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகிற வழி.

நான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு மோட்டார் என்றால் பிள்ளை மாதிரி. மழையில் நனையக் கூடாது, வெயிலில் காயக் கூடாது என்று அதன்மேல் கோணிச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். மூடினால் பின்னாலிருக்கும் விசிறிக்குக் காற்று கிடைக்காது. மோட்டார் வெந்து வைண்டிங் கருகும். என்னிடம் வருகிற மோட்டார்களில் பல அப்படி வந்தவைதான். வருகிறவர்களை எல்லாம் நான் ஒரு பாட்டம் திட்டித்தான் அனுப்புவேன். சாக்கைப் போட்டு மூடாதீர்கள் என்று பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதியே வைத்திருக்கிறேன்.

தாரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் தொங்கிய ஜமக்காளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, இது சாக்குதானுங்களே?"

அதற்குப் பிறகு ஒரு ஐந்து நிமிடம் அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். மாட்டிக்கொண்டிருந்த லாரியின் ஓட்டுநர் எங்களைக் கடக்கும்போது நிறுத்தி, கன்னடத்தில் ஏதோ சொன்னார். கலாமணி சரளமாகக் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

"என்ன சொல்றாரு?"

"'புது வண்டியும் நிக்குது, பழைய வண்டியும் நிக்குது, இந்த மலைக்கு எல்லாரும் ஒண்ணுதான்'னு சொன்னாருங்க. நான், வண்டி நிக்கலீங்கண்ணா, போத்தித் தூங்க வெச்சுட்டோம்னு சொன்னேன்."

ஜமக்காளத்தைச் சுருட்டி டிக்கியில் போட்டேன். கால் மணி நேரத்தில் எச்சரிக்கை தானாகப் போனது. மிச்சமிருந்த வளைவுகளை அந்த வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஏறி முடித்தது. உச்சியில் கலாமணி பழக்க தோஷத்தில் போனை எடுத்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். என் பையில் போன் அடித்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

*

அன்று சாயங்காலம் அவள் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். கோயமுத்தூரில் டாக்டர் சொன்னால்தான் களி சாப்பிடுவார்கள், இங்கே பசித்தால் சாப்பிடுகிறார்கள். கீழே வேர்த்து ஊற்றிய எங்களுக்கு இங்கே ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

கலாமணி வந்திருப்பது தெரிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லீவில் இருக்கிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். கன்னடத்தில் படபடவென்று பேசினாள். எனக்குப் புரிந்தது 'அக்கா' ஒன்றுதான். பாப்பா இப்போது நன்றாகப் பால் குடிக்கிறாள், நீங்கள் வேறு ஊருக்குப் போகப்போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறதே, நிஜமா என்று கேட்கிறாளாம். தாரணி எனக்கு மெல்லச் சொன்னாள். இவள் எப்போது கன்னடம் கற்றாள் என்று கேட்டால், "அம்மா போன்ல பேசறதக் கேட்டுத்தானுங்கப்பா" என்கிறாள்.

கலாமணி குழந்தையை எடை பார்த்தாள். அடுத்த ஊசி எந்த நாள் என்று எழுதிக் கொடுக்கத் தாள் தேடினாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள்.

"உங்க பாக்கெட்டுல ஒரு காயிதம் இருக்குதுல்ல. அதக் குடுங்க."

காலையிலேயே பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். நான் தயங்கினேன். அவள் கையை மடக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பிரித்தாள், தன் பெயரைப் பார்த்தாள், நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி, குழந்தையின் எடையையும் ஊசிக்கு வர வேண்டிய நாளையும் பெரிதாக எழுதி, அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, இவளைக் கீழே இழுக்கத் தாளோடு வந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் என்ன, பெருமையாகவும் இருந்தது.

*

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. விண்ணப்பம் போய்விட்டது, ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. பட்டறையில் நான் ஒரு மோட்டாருக்கு வைண்டிங் கட்டி முடித்தால், சும்மா சுற்றவிட்டுப் பார்த்துக் கொடுப்பதில்லை. பம்பில் மாட்டி, தண்ணீர் இறைக்கவிட்டு, உடம்பில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் கொடுப்பேன். வண்டிக்கும் அதே நியாயம்தான். இன்னொரு தடவை ஏற வேண்டும், சுமையோடு ஏற வேண்டும், அதே உச்சி வெயிலில் ஏற வேண்டும் என்றேன்.

"வேற ஒருத்தரா இருந்தா சரின்னு போயிருப்பாங்க. நீங்க மாட்டீங்க" என்றாள் கலாமணி. சாவியை எடுத்துக்கொண்டாள்.

இறங்கும்போது திரையில் பேட்டரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறின. பண்ணாரி வருவதற்குள் நிரம்பிவிட்டது. மலை எங்களுக்குச் சும்மா கொடுத்த கரண்ட். அங்கே கலாமணியோடு வேலை பார்க்கும் இரண்டு செவிலியர்கள் பெட்டி படுக்கையோடு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கிளம்பும்போதே கலாமணி போனில் சொல்லி வைத்திருந்தாள். ஏற்றிக்கொண்டோம். பின்னால் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான், ஏ.சி. முழு வேகத்தில். பின் சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"காலுகிட்ட ஜாலி மாதிரி இருக்குது பாருங்க, அதும்மேல பை எதும் வெச்சுப்போடாதீங்கம்மா."

"அப்பா அதுமேல ஜமக்காளம் வெச்சவருங்க" என்று தாரணி ஆரம்பித்து, முழுக் கதையையும் முடிப்பதற்குள் பத்தாவது வளைவு வந்திருந்தது.

பதினொன்று போனது. பதினேழு போனது. வேண்டுமென்றே அங்கே ஓர் அகலமான இடம் பார்த்து நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிட்டேன். யானை வந்தால் நீங்களே இறங்கிப் பேசிக்கோங்க என்றாள் கலாமணி. யானை வரவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. ஜாலியின் முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தேழும் முடிந்தது. செவிலியர்களை இறக்கிவிட்டு மறுபடியும் இறங்கினோம்.

திரும்பும் வழியில் கோபியில் இளநீர் குடித்தோம். இரண்டு பக்கமும் வயல், நடுவில் தென்னை. பொங்கல் வாழ்த்து அட்டையில் இருப்பது போன்ற ஊர். குன்னத்தூர் வழியாகத் திருப்பூர் வந்து, டேங்கை நிரப்பி, வண்டியைக் கழுவி, சிவக்குமார் வீட்டு வாசலில் நிறுத்தினோம்.

"எப்பிடிங்க மாமா? நம்பலாமுங்களா?" என்றான்.

"வண்டிய நம்பலாம் மாப்ள. ஜமக்காளம் விரிக்கற ஆளத்தான் நம்பப்படாது."

அவனுக்குப் புரியவில்லை. தாரணி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

*

மூன்று மாதம் கழித்து எங்கள் வண்டி வந்தது. ஷோரூமில் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைக் கலாமணியின் கையில் கொடுத்தார்கள். நான் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துப் பின் கதவைத் திறந்து, சீட்டுகளின் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து உருட்டி வெளியே போட்டேன். ஷோரூம்காரர் பதறிவிட்டார். "சார், புது வண்டிங்க சார்!" என்றார். எங்கள் தெருவில் முதல் நாளே உறையைக் கிழித்த முதல் ஆள் நான்தான். லேத்துக்காரர் இன்னும் அதை நம்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரிமோட் கவர் அப்படியேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

அடுத்த திங்கட்கிழமை விடியலில் கலாமணி கிளம்பினாள். "போய்ட்டு வாரேனுங்க மாமா" என்றாள். வண்டி சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பியது. நான் பட்டறைக்குப் போய், பல்லடத்திலிருந்து வந்த ஒரு மோட்டாரைப் பிரித்தேன். சாக்கு போட்டு மூடிக் கருகின மோட்டார்தான். கொண்டுவந்தவர் திட்டு வாங்கத் தயாராக நின்றார். நான் திட்டவில்லை, உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். பழைய கம்பியை உரித்து, புதுச் சுற்று கட்டி, இணைப்பைச் சரிபார்த்து நிமிர்ந்தபோது நல்ல வெயில் வந்திருந்தது.

மணி பார்க்கப் போனை எடுத்தேன். கலாமணியின் மிஸ்டு கால் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.